பாரசீகத்தின் மேல் ஒரு வில்லங்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஈரானில் புகையிலை வியாபாரத்தை அந்நியருக்குக் குத்தகை விட்டதை எதிர்த்து எழுந்த புகையிலைக் கிளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அரண்மனைப் பெண்கள்கூட ஹூக்காவைத் தூக்கி எறிந்த இடம் அருமை. அதில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: அதற்குப் பல வருடம் முன்பே ராய்ட்டருக்குக் கொடுத்த சுரங்கக் குத்தகையை ஷா ரத்து செய்தார், ஆனால் தகராறு தீரப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று என்று. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன். கொடுத்தவர் ராஜா, ரத்து செய்தவரும் ராஜா, கோர்ட்டும் அவரே. அதற்கு மேல் என்ன தகராறு? சொந்த அரசாங்கமே கைவிட்ட வியாபாரி என்று நீங்களே சொல்கிறீர்கள். அவர் எந்த தைரியத்தில் அவ்வளவு காலம் நின்றார்? மக்கள் எதிர்ப்பில் ரத்தானது என்றால் அது வெற்றிதானே? இன்னொன்று, இவர் நம் பேப்பர்களில் செய்தியோடு வரும் ராய்ட்டர்தானா?

எஸ்.,
கோவில்பட்டி

அன்புள்ள எஸ். ஐயா,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அவரேதான். ஜெர்மனியின் காசெல் நகரில் 1816இல் ஒரு யூத குருவின் மகனாகப் பிறந்து, லண்டனில் மதமும் பெயரும் மாறியவர். ஆஹனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே தந்திக் கம்பி விட்டுப்போயிருந்த இடத்தில் புறாக்களைப் பறக்கவிட்டுப் பங்குச்சந்தை விலை அனுப்பியவர். 1851இல் லண்டனில் கடை திறந்தார். 1871இல் ஒரு ஜெர்மன் சிற்றரசர் அவருக்கு 'பாரன்' பட்டம் கொடுத்தார். (பேரன் என்றும் எழுதுகிறார்கள். தமிழில் அது யாருக்கோ பேரனாகிவிடுகிறது.)

இனி உங்கள் ஆபீஸ் விஷயம். நீங்கள் பத்திரம் படித்தே பழகியவர் என்பதால் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1872 ஜூலை 25 அன்று நாசிருத்தீன் ஷா அரசு ராய்ட்டருக்குக் கொடுத்தது வெறும் சுரங்கக் குத்தகை இல்லை. அப்படிச் சுருக்கி எழுதியது என் தவறு. காஸ்பியன் கடலிலிருந்து பாரசீக வளைகுடா வரை ரயில் பாதை, ஊர்களுக்குள் டிராம், தங்கம் வெள்ளி ரத்தினம் நீங்கலாக நாட்டின் கனிமங்கள், அரசுக் காடுகள், அணை கால்வாய் வேலைகள் என எல்லாம் 70 வருடத்துக்கு. சுங்க வசூல் தனியாக 25 வருடத்துக்கு. பாங்கு தொடங்குவதிலும் முன்னுரிமை. அரசுக்கு ரயில் லாபத்தில் 20 சதவீதம், சுரங்கத்திலும் காட்டிலும் 15 சதவீதம். காலனி ஆட்சிக்காகவே பிறந்தவர் போன்ற கர்சன் பிரபுவே பிற்பாடு இதைப் பற்றி எழுதும்போது, ஒரு நாட்டின் முழுச் செல்வமும் இப்படி அந்நியர் கைக்குப் போனதாக யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள் என்ற பொருளில் திகைத்துப்போகிறார்.

ஷாவை ஏமாளி என்று எளிதில் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு அப்போதுதான் ஒரு பெரும் பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. கஜானா காலி. வடக்கே ரஷ்யா, தெற்கே இந்தியாவைக் காரணம் காட்டி பிரிட்டன். பிரதமர் மீர்ஸா ஹுசேன் கான் கணக்கு வேறு: பிரிட்டிஷ் முதலீடு நாடு முழுக்க இறங்கிவிட்டால், ரஷ்யா நம்மை விழுங்க வரும்போது பிரிட்டன் சும்மா இருக்க முடியாது. இடையில் பலர் கையில் லஞ்சம் புரண்டது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதர்களிடம் சேர்ந்தே இருந்தன.

கணக்குப் பிசகியது லண்டனில். ராய்ட்டர் தன் பத்திரத்தைக் கொண்டுபோய் வெளியுறவு அமைச்சகத்தில் காட்டிப் பாதுகாப்புக் கேட்டார். ஷாவின் முயற்சி மகிழ்ச்சிக்குரியதுதான், ஆனால் உங்கள் நலனை அதிகாரப்பூர்வமாகக் காப்பதாக வாக்குத் தர முடியாது என்று பதில் வந்தது. அப்போது அமைச்சர் கிரான்வில், ஆப்கன் எல்லை விஷயத்தில் ரஷ்யாவோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பாரனுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

1873இல் ஷா ஐரோப்பா கிளம்பினார். பாரசீக மன்னர் ஒருவர் அங்கே போவது அதுதான் முதல் தடவை. பீட்டர்ஸ்பர்க்கில் உபசாரத்தோடு அதிருப்தியும் பரிமாறினார்கள். லண்டனில் விக்டோரியா ராணி கார்ட்டர் விருது அணிவித்தார், குத்தகையைப் பற்றி யாரும் உற்சாகம் காட்டவில்லை. ஊரில் இதற்குள் தீ பற்றியிருந்தது. முல்லா அலி கனீ போன்ற மதத் தலைவர்கள், பிரதமரைப் பிடிக்காத பிரபுக்கள், ஷாவின் பிரியமான மனைவி அனீஸ் உத்தவ்லா என எல்லோரும் ஒரே பக்கம். அந்த அம்மாளைப் பயணத்தில் மாஸ்கோ வரை கூட்டிப் போய்ப் பாதியிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோபம் எவ்வளவு, தேசப்பற்று எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்ப்பது! செப்டம்பரில் அன்ஸலி துறைமுகத்தில் இறங்கியதுமே ஷா பிரதமரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. (சில மாதத்தில் அதே மனிதர் வெளியுறவு அமைச்சராகத் திரும்பி வந்தார்.) நவம்பர் 5 அன்று குத்தகை ரத்து.

இந்த இடத்தில்தான் நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். என்ன காரணம் சொல்லி ரத்து செய்தார்கள்?

பத்திரத்தின் எட்டாம் ஷரத்தின்படி ராய்ட்டர் 40,000 பவுண்டு பிணைத்தொகையை பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் கட்ட வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 15 மாதத்துக்குள் ரயில் வேலை தொடங்காவிட்டால் அந்தத் தொகை அவருக்கு இல்லை. கெடு 1873 அக்டோபர் 25. அது கழிந்து பதினோராம் நாள் ரத்து. வேலை தொடங்கவில்லை என்றது ஷா அரசு. காஸ்பியன் கரைக்கு அருகிலுள்ள ரஷ்த் பக்கம் மண் வேலை தொடங்கியாயிற்று, தடைகள் வந்தது உங்கள் பக்கமிருந்து என்றது ராய்ட்டர் தரப்பு.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் 'என் மக்கள் மறுக்கிறார்கள், ரஷ்யா மிரட்டுகிறது, அதனால் எடுத்துக்கொள்கிறேன், நஷ்டஈடு இவ்வளவு' என்று ஷா சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பணம் கொடுக்க வேண்டும், ரஷ்யாவுக்குப் பயந்ததும் எழுத்தில் ஏறிவிடும். ஆகவே ஒரு ஷரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். என் பார்வையில் ஷா செய்த பெரிய பிழை கையெழுத்துப் போட்டதில்லை, இதுதான். அரசியல் காரணம் என்றால் பேரம் பேசி ஒரே வருடத்தில் கணக்குத் தீர்த்திருக்கலாம். ஷரத்து மீறல் என்றதும், மீறினாரா இல்லையா என்ற கேள்வி பிறந்துவிட்டது. அதைத் தீர்க்க இரண்டு நாட்டுக்கும் பொதுவான கோர்ட் கிடையாது. தீராத கேள்வி உயிரோடு கிடந்தது.

அடுத்து நடந்ததற்கு நம்மிடம் அழகான ஒரு சொல் இருக்கிறது: வில்லங்கம். ஒரு நிலத்தின் மேல் பழைய ஆள் ஒருவரின் பாத்தியதை தீராமல் நின்றால் அடுத்தவன் வாங்க முடியாது, இல்லையா? 1874இல் ரஷ்யர்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர் பால்கன்ஹாகன் பெயரில், எல்லையிலுள்ள ஜுல்பாவிலிருந்து தப்ரீஸுக்கு ரயில் போட உரிமை கேட்டார்கள். ராய்ட்டரின் குத்தகை உயிரோடு இருந்தபோது அதைத் தொட மறுத்த அதே லண்டன், இப்போது திடீரென்று எழுந்தது. ராய்ட்டரின் உரிமைகோரல் தீராமல் வேறு யாருக்கும் ரயில் உரிமை தரக் கூடாது என்று தெஹ்ரானுக்குச் சொன்னது. ரஷ்யத் திட்டம் விழுந்தது.

கவனியுங்கள், லண்டன் ராய்ட்டருக்குக் குத்தகையைத் திரும்பவும் வாங்கித் தர முயலவே இல்லை. தகராறு தீர அவசரப்படவும் இல்லை. தீராமல் இருப்பதில்தான் அதற்கு லாபம். ராய்ட்டர் எந்த தைரியத்தில் நின்றார் என்று கேட்டிருந்தீர்கள். அவரை நிற்க வைத்திருந்தார்கள். ரஷ்யாவும் சளைக்கவில்லை. தன்னைக் கலந்து பேசாமல் அந்நியக் கம்பெனி எதற்கும் ரயில், நீர்வழி உரிமை தருவதில்லை என்று 1887இல் ஷாவிடம் ரகசியமாக வாக்கு வாங்கிக்கொண்டது. அதுவும் ஒரு வில்லங்கம்தான், பதிவு செய்யாதது.

1888இல் தெஹ்ரானுக்குத் தூதராக வந்த டிரம்மண்ட் உல்ஃப் வேறு மாதிரி ஆள், காரியக்காரர். ராய்ட்டரின் மகன் ஜார்ஜும் வந்து சேர்ந்தார். 1889 ஜனவரி 30 அன்று ராய்ட்டருக்குப் புதிய பத்திரம். பாரசீக இம்பீரியல் பாங்கு, 60 வருடத்துக்கு, பணத்தாள் வெளியிடும் ஏகபோகத்தோடு. கூடவே, தங்கம் வெள்ளி ரத்தினம் நீங்கலான கனிமங்கள் மறுபடியும். 1872ஆம் வருடப் பத்திரம் முழுக்க ரத்து என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஒருவர் மட்டும் எழுதும் ரத்துப் பத்திரம் எவ்வளவு செல்லும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாங்கு ஷாவுக்கு 6 சதவீத வட்டியில் ஒரு கடனும் கொடுத்தது. எவ்வளவு? 40,000 பவுண்டு.

இதனால்தான் 'வெற்றி' என்று எழுதக் கை வரவில்லை. 1873இல் எதிர்த்தவர்கள் எதிர்த்தது நியாயம். ஆனால் வாசல் வழியாக வெளியேற்றியது பாங்கு என்ற பெயரில் கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. நீங்கள் ரசித்த புகையிலைக் கிளர்ச்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1892இல் அந்தக் குத்தகை ரத்தானபோது ஷா 5 லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டிவந்தது. அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தது இதே இம்பீரியல் பாங்கு.

சுரங்கங்கள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. பாங்கு அந்த உரிமையை 1890இல் தனிக் கம்பெனி ஒன்றுக்கு விற்றது. அவர்கள் புஷெஹ்ர் அருகே தாலிகியிலும், கிஷ்ம் தீவிலும் எண்ணெய்க்குத் துளைபோட்டார்கள். தேறவில்லை. உரிமை காலாவதியானது. ராய்ட்டர் 1899இல் இறந்தார். அவரிடம் வேலை பார்த்த எதுவார் கோத் என்பவர், ஷாவின் சுங்க அதிகாரி கிதாப்ஜி கானோடு சேர்ந்து ஐரோப்பாவில் வேறு பணக்காரரைத் தேடினார். கிடைத்தவர் வில்லியம் நாக்ஸ் டார்சி. 1901 மே 28 அன்று 60 வருடத்துக்கு எண்ணெய் உரிமை, ரஷ்யாவை உத்தேசித்து வடக்கு மாகாணங்கள் ஐந்து நீங்கலாக. 1908இல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1932இல், பிற்பாடு வந்த மன்னர் ரேஸா ஷா அந்த உரிமையையும் ஒருதலையாக ரத்து செய்தார், பிரிட்டன் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்குப் போனது, 1933இல் புதிய ஒப்பந்தத்தில் முடிந்தது. அது தனிக் கடிதத்துக்கான கதை, எழுதுங்கள்.

ரயிலா? காஸ்பியன் கரையிலிருந்து வளைகுடா வரை ரயில் 1938இல் ஓடியது. வெளிநாட்டுக் கடன் இல்லாமல், டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் வரி போட்டுக் கட்டினார்கள்.

அன்புடன்