கடை மாறினால் கோபம் ஏன்?

கேள்வி: கணினி விளையாட்டு ஒன்றை ஒரே இணையக் கடை மட்டும் விற்கிறது என்றால் என் மகனும் நண்பர்களும் கொதிக்கிறார்கள். கணக்குத் தொடங்குவது இலவசம்தானே, என்ன நஷ்டம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நஷ்டம் பணத்தில் இல்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடை, அதற்கு முன்பிருந்தே உள்ள பெரிய கடையான ஸ்டீம் தயாரிப்பாளர்களின் விற்பனைத் தொகையில் வழக்கமாகப் பிடிக்கும் 30 சதவீதத்துக்குப் பதிலாக 12 சதவீதமே எடுத்துக்கொண்டதோடு, சம்பா அறுவடைக்கு முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்து நெல்லைப் பேசி முடிப்பதைப்போல, விற்பனை எப்படியிருந்தாலும் இவ்வளவு தொகை உறுதி என்று சொல்லிப் பல விளையாட்டுகளுக்குத் தன்னிடம் மட்டுமே விற்கும் தற்காலிக உரிமையைப் பெற்றது. ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த 'மெட்ரோ எக்ஸோடஸ்', 2019 பிப்ரவரி வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் எபிக்குக்கு மாறியதுதான் பலரை எரிச்சலூட்டியது (ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது). 'பார்டர்லேண்ட்ஸ் 3'உம் எபிக்கில் மட்டுமே என்ற அறிவிப்பு வந்ததும், கோபமடைந்தவர்கள் அதே வரிசையின் பழைய விளையாட்டுகளுக்கு ஸ்டீமில் மோசமான விமர்சனங்களைக் குவித்தது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் பலவற்றைச் சேர்த்து வாங்கும் கூடை வசதியே எபிக்கில் 2021 டிசம்பரில்தான் வந்தது என்பதால், வசதி குறைந்த கடைக்குத் தள்ளப்படுகிறோம் என்ற உங்கள் மகனின் குறை நியாயமானதே. மேற்சொன்ன இரண்டு விளையாட்டுகளும் 2020இல் ஸ்டீமுக்கு வந்துவிட்டன. எபிக்கே முதலிட்டு 2023இல் வெளியிட்ட 'ஆலன் வேக் 2' விளையாட்டும் அப்படி ஸ்டீமுக்கு வரும் என்று காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.