ஒரு பல்லுக்காக வரிசை முழுக்கக் கம்பி போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 32 வயது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று மட்டும் திரும்பியிருக்கிறது. ஒரு மருத்துவர் வரிசை முழுவதும் கிளிப் போடச் சொல்கிறார், இன்னொருவர் அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) என்கிறார். ஒரு பல்லுக்கு இவ்வளவு செலவு தேவையா? இணையத்தில் மலிவாக விற்கும், பல்லை நேராக்கும் செட்டை வாங்கலாமா?

பதில்: கம்பியா, அலைனரா என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பல் நேராக நிற்க இடம் எங்கிருந்து வரும் என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இடம் போதாமல்தான் பல் திரும்புகிறது. பக்கத்துப் பற்களின் ஓரத்தில் எனாமலை (பல்லின் கடினமான மேல் அடுக்கு) மிக லேசாக, ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவுக்குள் தேய்ப்பார்கள். அல்லது வரிசையைச் சற்று விரிப்பார்கள். ஒரு பல்லை இழுக்கும்போது பிடிமானமாக நிற்கும் மற்ற பற்களும் அசையும். வரிசை முழுவதும் கம்பி என்று சொல்வதற்கு இதுதான் காரணம். காசு பிடுங்குகிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கடிப்பு சரியாக இருந்து, இடமும் ஓரளவு இருந்தால், முன்பற்களுக்கு மட்டும் கம்பி போடும் குறுகிய சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். அலைனரும் சரிதான், ஆனால் தினம் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். அது நடக்காது என்று தோன்றினால் கம்பியே மேல். ஸ்பிரிங் வைத்த, கழற்றி மாட்டும் பிளேட் பல்லைச் சாய்க்கும், திரும்பிய பல்லைச் சரியாகத் திருப்பாது. வெனீர், அதாவது பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு, கோணலை மறைக்கிறது, அவ்வளவே. அதற்காகச் செதுக்கும் எனாமல் மறுபடி வளராது. ஆரோக்கியமான பல்லில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இணையத்து செட் வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து ஈறையும் எலும்பையும் பார்க்காமல் பல்லை நகர்த்தக் கூடாது. ரப்பர் பேண்டு மாட்டுவது இன்னும் ஆபத்து: அது ஈறுக்குள் நழுவி, எலும்பைக் கரைத்து, பல்லையே விழவைக்கலாம். வீட்டுக்கே அலைனர் அனுப்பிவந்த அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் பாதியில் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். அவர்களுக்குத் தந்திருந்த உத்தரவாதமும் அதோடு போயிற்று.

விலை பேசும்போது, நேராக்கிய பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னரை மறக்காதீர்கள். திரும்பிய பல்லை நேராக்கினாலும் ஈறின் இழைகள் அதைப் பழையபடி இழுக்கும். பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பியோ, இரவில் மாட்டும் ரிடெய்னரோ பல வருடங்களுக்குத் தேவைப்படும். அதன் விலை, உடைந்தால் மாற்றும் செலவு, கூடுதல் அலைனர் எல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.