பை மாற்ற யார் கற்றுக்கொள்வது?

அன்புள்ள அக்காவுக்கு,

என் கணவருக்கு 44 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன, டயாலிசிஸுக்குத் தயாராகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவதா, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்வதா என்று எங்களையே கேட்கிறார். இவருக்குப் புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை. விடிந்தால் ஷட்டில் ஆடாமல் இருக்கமாட்டார். "வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதே" என்கிறார் மாமியார். நான் கை தவறி, கிருமி போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். நீங்கள் வீட்டில்தான் செய்துகொள்வதாக எழுதியிருந்தீர்கள். என்னால் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

முடியும். ஆனால் முதலில் உங்கள் கணவர் கற்றுக்கொள்ளட்டும். கண்ணால் பார்த்தே போல்ட்டின் அளவைச் சொல்லும் மனிதருக்கு இது பெரிய வித்தையில்லை. மனைவியே டயாலிசிஸ் தண்ணீர்ப் பையை மாற்றிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவளால் பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஒரு நாள் போய்வர முடிவதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கைகொடுக்கும் அளவுக்கு நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

நான் 2019 முதல் வேளச்சேரி வீட்டில் செய்துகொள்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் பை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவித் துடைப்பேன். வயிற்றில் இரவெல்லாம் இருந்த தண்ணீர் கீழே இருக்கும் காலிப் பைக்கு வடியும். மேலே கொக்கியில் தொங்கும் இரண்டு லிட்டர் உள்ளே இறங்கும். அரை மணி நேர வேலை. சித்திரை மாதத்தில் அந்த அரை மணி நேரமும் முதுகில் வியர்வை ஓடும். அதற்காக ஃபேனைத் தட்டிவிடக் கூடாது. வடிந்த பையை அன்றைய பேப்பர்மேல் வைத்துப் பார்ப்பேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி.

ஒரு நாள் தெரியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, பை மாற்றும்போது போன் அடித்தது. திரும்பியதில் குழாயின் வாய் என் புடவையில் பட்டுவிட்டது. பட்டதைத் துடைத்துவிட்டு இணைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் தொற்று. வலி தாங்க முடியவில்லை. இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். தவறு முழுக்க என்னுடையது. பட்டுவிட்டால் கிளாம்பை மூடிவிட்டு, எதையும் உள்ளே விடாமல் டயாலிசிஸ் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். உங்கள் பயம் நியாயமானதுதான், ச. அந்தப் பயம் அவருக்கும் இருக்கட்டும்.

ஷட்டில் ஆடலாம். குழாய் வைத்த புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, வயிற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு ஆட வேண்டும். கடையில் கியர் பாக்ஸ் தூக்குவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். வயிறு நிறைய தண்ணீரோடு பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். எலியட்ஸ் பீச்சில் நான் தினமும் நடக்கிறேன், ஆனால் அலையில் இறங்குவதில்லை. குழாய் வெளியே வரும் இடத்தில் அழுக்குத் தண்ணீர் படக் கூடாது.

சர்க்கரை விஷயம் முக்கியம். உடம்பில் மிஞ்சும் நீரை இழுப்பதே இந்தத் தண்ணீரில் உள்ள குளுக்கோஸ்தான். அதில் ஒரு பங்கு இரத்தத்தில் சேரும். இன்சுலின் அளவு மாறும், சர்க்கரை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். வடியும் தண்ணீரோடு புரதமும் போகும். முட்டை வெள்ளைக்கரு, மீன் கூடுதலாக வேண்டும். இளநீர், வாழைப்பழம் எல்லாம் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு. நாளைக்கு நான்கு பை என்றால் மாதம் 120 பை, 240 லிட்டர். அட்டைப்பெட்டிகள் ஒரு சுவரையே மறைத்துவிடும். எங்கே அடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எங்கள் தெருவை மூடியபோது, அந்த அட்டைப்பெட்டிகளால்தான் நான் பிழைத்தேன். கரண்ட் இல்லை, படகு வந்தால்தான் வெளியே போகலாம். கொக்கியில் தொங்கும் பைக்குக் கரண்ட் வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் மாற்றினேன்.

செலவுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொடுப்பதும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குழாய் வைப்பது கடினம். சில வருடம் கழித்து, இரத்தத்தை வடிகட்டித் தரும் வயிற்றுச் சவ்வு சோர்ந்து, ஆஸ்பத்திரி டயாலிசிஸுக்கு மாற வேண்டியும் வரலாம். மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்வதை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். முடிவெடுப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்கும் நிலையில் போனால், கழுத்தில் அவசரக் குழாய் போட்டு மெஷினில்தான் தொடங்குவார்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு என் இரண்டாவது பை. மெயிலில் முகவரி அனுப்புகிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாமியாருக்கு மனமிருந்தால் அவரும் வரட்டும். ஃபேன் ஓடாது, அதை மட்டும் சொல்லிக் கூட்டி வாருங்கள்.