டைவிங்குக்கும் ஆபீஸுக்கும் ஒரே வாட்ச்: 1.2 லட்சம் போடலாமா?

கேள்வி: வயது 31, சென்னையில் ஐடி வேலை. கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய், மாதச் செலவு 45,000, சேமிப்பு 2 லட்சம். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டேன். இனி வருஷத்துக்கு ஐந்து நாள், பத்து டைவ் என்று திட்டம். வருகிற ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறேன். அங்கே ஒரு டைவுக்கு 4,000 ரூபாய், டைவ் கம்ப்யூட்டர் வாடகை நாளுக்கு 500 என்கிறார்கள். வாட்ச் வடிவில் ஒரு டைவ் கம்ப்யூட்டர் 1,20,000 ரூபாய்க்கு, 12 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில் கிடைக்கிறது. ஆபீஸுக்கும் கட்டிக்கொள்ளலாம். வாங்கலாமா? இல்லை, 200 மீட்டர் என்று போட்ட நல்ல டைவர் வாட்ச் ஒன்றே போதுமா? என் போன் ஆண்ட்ராய்டு.

பதில்: இரண்டும் வேண்டாம். 25,000 ரூபாய் அளவில் சாதாரண டைவ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்குங்கள். ஆபீஸுக்கு இப்போது கட்டுகிற வாட்சே இருக்கட்டும்.

முதலில் டைவர் வாட்ச். டைவர் வாட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 பெற்ற வாட்ச் நல்ல பொருள்தான். போட்டிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருப்பார்கள். வெளி வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும், தண்ணீரில் கழித்த நேரத்தை அதிகமாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. யோசித்துச் செய்த வேலை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நேரத்தை மட்டும்தான் சொல்லும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். நிஜ டைவில் யாரும் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் ஆழத்துக்கு ஏற்ப உடம்பில் சேரும் நைட்ரஜனைக் (அது அதிகம் சேர்ந்திருக்க வேகமாக மேலே வந்தால் ஆபத்து) கணக்குப் போடுவதும், வேகமாக மேலே வந்தால் கத்துவதும் கம்ப்யூட்டரின் வேலை. ஆகவே டைவர் வாட்சை நகைக் கணக்கில் எழுதுங்கள், பாதுகாப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி அந்த 1,20,000. வருஷத்துக்குப் பத்து டைவ் என்றால் ஐந்து வருஷத்தில் ஐம்பது. ஒரு டைவுக்கு 2,400 ரூபாயை உங்கள் மணிக்கட்டே சாப்பிட்டுவிடும். 25,000 ரூபாய் கம்ப்யூட்டரில் அது 500. மிச்சமாகும் 95,000 ரூபாயில், நீங்கள் சொன்ன ரேட்டில் இன்னும் 23 டைவ் போகலாம்! "தினமும் கட்டுவேனே, அந்த உபயோகத்தைச் சேர்க்கவில்லையே" என்பீர்கள். சரி, சேர்ப்போம். ஆபீஸில் நேரம் பார்க்கவும் நடந்த அடிகளை எண்ணவும் சில ஆயிரத்தில் வாட்ச் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அழகுக்குத்தான். அழகுக்குச் செலவழிப்பது தப்பில்லை, கடன் வாங்கிச் செலவழிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பேட்டரியையும் பாருங்கள். கார்மின் டிசென்ட் போன்ற வாட்ச் வகைகளில் உள்ளேயே அடைத்த, சார்ஜ் போடும் பேட்டரி. தினமும் கட்டினால் அதன் ஆயுளை ஆபீஸிலேயே செலவழிக்கிறீர்கள். கிரெஸ்ஸி லியோனார்டோ, சூன்டோ ஜூப் நோவோ போன்றவை பெரிசாக, பார்க்கச் சுமாராக இருக்கும். ஆனால் பட்டன் பேட்டரியை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவையில் டைவ் செய்யும் கோர்ஸ் முடித்த பிறகும் அதே கம்ப்யூட்டர் போதும்.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 40 மீட்டர் வரை டைவிங்குக்கு ஆகும். டைவ் செயலியின் முக்கிய வசதிகளுக்குத் தனிச் சந்தா. ஐபோன் இல்லாத உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

நோ-காஸ்ட் இஎம்ஐக்கு வருகிறேன். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்று நடப்பது, வட்டித் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கொடுக்க, வங்கி அதை வட்டியாக உங்களிடம் வாங்கிக்கொள்வது. 16 சதவீத வட்டி என்று வைத்தால், மாதம் 10,000 வீதம் 12 மாதத்தில் கட்டும் 1,20,000-இல் மொத்தம் சுமார் 9,800 வட்டி. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது ஏறக்குறைய 1,750 ரூபாய், உங்கள் தலையில். அப்புறம் பிராசஸிங் கட்டணம். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பொருளின் நிஜ விலை வெளியே வரும்.

வெறும் பணக் கணக்கு என்றால் வாடகைதான் ஜெயிக்கும், அதையும் மறைக்கவில்லை. வருஷம் 2,500 ரூபாய் வாடகை. 25,000-ஐ எட்டப் பத்து வருஷம் ஆகும். பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன்? ஒவ்வொரு பயணத்திலும் ஒரு புது மாடலைக் கையில் கட்டி, 20 மீட்டர் ஆழத்தில் அது எதற்காகக் கத்துகிறது என்று யோசிப்பது நல்லதல்ல. சொந்தக் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்திருக்கும். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் 25,000 அளவில்தான். ஹேவ்லாக்குக்கு வாடகைக்கே எடுங்கள். வருஷம் பத்து டைவ் என்ற திட்டம் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வாங்குங்கள். எந்தக் கம்ப்யூட்டர் ஆனாலும், காலையில் நீங்கள் கட்டியதை மதியம் நண்பரிடம் கொடுக்காதீர்கள், அதில் இருப்பது உங்கள் உடம்பின் நைட்ரஜன் கணக்கு.

பழையது வாங்கினால் பேட்டரி மூடியைத் திறந்து பச்சைக் கறை இருக்கிறதா பாருங்கள். முதல் டைவில் அது காட்டும் ஆழத்தை வழிகாட்டியின் கம்ப்யூட்டரோடு ஒப்பிடுங்கள்.

சேமிப்பு 2 லட்சம் என்பது உங்கள் செலவில் நாலரை மாதத்துக்குத்தான் வரும். அதை முதலில் ஆறு மாதச் செலவான 2,70,000-க்குக் கொண்டுவாருங்கள். மாதம் 27,000 மிஞ்சுகிற உங்களுக்கு இது மூன்று மாத வேலை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். டைவர்களுக்கான காப்பீடு தனியாக எடுங்கள், நைட்ரஜன் பாதிப்புக்குக் கொடுக்கும் உயர் அழுத்த அறைச் சிகிச்சை அதில் உண்டா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திரும்பும் டிக்கெட் எடுத்தாயிற்றா? பல டைவ் போன பிறகு, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி டைவ் மதியம் என்றால் மறுநாள் அதிகாலை விமானம் ஆகாது. பட்ஜெட்டில் ஒரு இரவு ஓட்டல் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.