பார்ட் 1 சரி, பார்ட் 2 எங்கே?

டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் என்ற அமெரிக்க ஜோடியின் இசைத்தட்டு வாங்குவது பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய பாட்டுகளுக்கு இத்தனை கேள்வியா என்று ஆச்சரியப்பட்டேன். அப்புறம் என் அலமாரியைப் பார்த்தேன். சரி, நானும் அந்தக் கூட்டம்தான்.

கேள்வி: என் மகள் எங்கோ ஒரு வீடியோவில் 'யூ மேக் மை ட்ரீம்ஸ்' கேட்டுவிட்டு, அவர்களுடைய பாட்டுகள் வேண்டும் என்கிறாள். பிறந்த நாளுக்கு வாங்கலாம் என்று தேடினால் 'வெரி பெஸ்ட்', 'எசென்ஷியல்', 'ராக் அண்ட் சோல்' என்று ஏழெட்டுத் தொகுப்புகள் வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா? (சேலம் வாசகி)

ஒன்றில்லை அம்மா. முதலில், வீட்டில் எதில் கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் 1983-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'ராக் அண்ட் சோல் பார்ட் 1'. பன்னிரண்டு பாட்டுகள். 'சாரா ஸ்மைல்', 'ரிச் கேர்ள்', 'கிஸ் ஆன் மை லிஸ்ட்', 'பிரைவேட் ஐஸ்', 'மேன்ஈட்டர்' எல்லாம் உண்டு. உங்கள் மகள் கேட்டதும் உண்டு. பழைய பாட்டுகளைக் கட்டிக் கொடுத்துக் காசு பார்க்கும் வேலையாக மட்டும் அவர்கள் இதைச் செய்யவில்லை. இந்தத் தொகுப்புக்காகவே இரண்டு புதிய பாட்டுகள் போட்டார்கள். அதில் 'சே இட் இஸன்ட் ஸோ' அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது, 'அடல்ட் எஜுகேஷன்' 8-ஆம் இடம். முழுத் தட்டும் ஒரே ஆல்பம் போல ஓடும்.

ஒரே குறை, 1983-இல் வந்தது என்பதால் 1984-இல் முதலிடம் பிடித்த 'அவுட் ஆஃப் டச்' இதில் இருக்க வழியில்லை. 'பார்ட் 1' என்று பெயர் வைத்தவர்கள் பார்ட் 2 போட்டிருந்தால் அதில் வந்திருக்கும். போடவேயில்லை.

சி.டி. என்றால் 2001-இல் வந்த 'தி வெரி பெஸ்ட்' போதும். 'அவுட் ஆஃப் டச்' அதில் இருக்கிறது, மொத்தப் பாட்டுகளும் கூடுதல். 'எசென்ஷியல்' 2005-இல் வந்த இரட்டை சி.டி.; பள்ளிப் பிள்ளைக்கு முதல் தடவையிலேயே அவ்வளவு வேண்டாம். 2009-இல் நான்கு சி.டி. பெட்டி ஒன்றும் வந்தது. அது என்னைப் போன்றவர்களுக்கு.

தேடும்போது ஒரு விஷயம். உலகமே 'ஹால் அண்ட் ஓட்ஸ்' என்றுதான் சொல்கிறது, ஆனால் தட்டின் அட்டையில் எப்போதும் இரண்டு முழுப் பெயர்கள்தான்: டேரில் ஹால், ஜான் ஓட்ஸ். அந்தச் சுருக்கப் பெயர் ஹாலுக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடையில் அகர வரிசைப்படி அடுக்கியிருந்தால் 'ஹெச்'சில் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள், 'டி'யிலும் பாருங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு சி.டி. வாங்கினேன். அட்டையில் இருவர் படமும் பெயரும் இருக்கின்றன. உள்ளே எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. போலியா? (மதுரை வாசகர்)

போலி இல்லை. பாடியது அவர்கள்தான். ஆனால் நீங்கள் ஏமாந்ததும் உண்மை.

1972-இல் அட்லாண்டிக் நிறுவனத்தில் முதல் ஆல்பம் வருவதற்கு முன், பெயர் தெரியாத பையன்களாக இருந்த காலத்தில் பதிவு செய்த 'டெமோ' என்னும் மாதிரிப் பாட்டுகள் நிறைய இருக்கின்றன. 1976-இல் இருவரும் புகழ் பெற்றதும் அவை ஒரு ஆல்பமாக வெளியே வந்தன. அதன் பிறகு சின்னச் சின்ன நிறுவனங்கள் கைமாற்றிக் கைமாற்றி, அதே பாட்டுகளைப் புதுப்புது அட்டையில், எண்பதுகளின் படத்தை ஒட்டி விற்றுக்கொண்டே இருக்கின்றன.

நானும் இதில் விழுந்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு ரயில் நிலையக் கடையில் தள்ளுபடிக் கூடையிலிருந்து எடுத்தேன். பின்னட்டையைப் படிக்கக்கூட நேரமில்லை, வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டு பையன்கள் பியானோவோடு என்னவோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரசீது இல்லை, திருப்பித் தர வழியும் இல்லை. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அட்டையில் பொய் என்று ஒரு வரியும் கிடையாது.

தப்பிக்க எளிய வழி: பின்னட்டையில் 'ஷீஸ் கான்' இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் அந்தப் பாட்டு? அது அட்லாண்டிக் காலத்துப் பாட்டு, இன்று வார்னர் நிறுவனத்தின் கையில். 1975-க்குப் பிறகு வந்த பெரிய வெற்றிகள் ஆர்.சி.ஏ. பாட்டுகள், இன்று சோனி கையில். இரண்டு வீட்டுச் சொத்தையும் ஒரே தட்டில் போட வேண்டுமானால் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்ட தொகுப்பு என்றால் மற்றவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கும்.

அப்படியே பாட்டின் நேரத்தையும் பாருங்கள். 'ஷீஸ் கான்' ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் ஆல்பத்தில் வந்த முழுப் பாட்டு. மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்தால் வானொலிக்காக வெட்டியது. கடைசியில் சுருதி ஏறி ஏறிப் போகும் இடம்தான் அந்தப் பாட்டின் உயிர். வெட்டியதை வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம்.

கேள்வி: ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன்? அதைவிட, இந்தப் பாட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? எனக்குப் பழைய விளம்பர இசை போலத்தான் கேட்கிறது. கோபிக்க வேண்டாம். (சென்னை வாசகர்)

கோபமில்லை. கேட்பதற்கு ஸ்ட்ரீமிங் தாராளமாகப் போதும், வாங்குங்கள் என்று உங்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இவர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பக்கம் வளர்ந்த கலைஞர்கள். 1967-இல் அங்கே அடெல்ஃபி பால்ரூம் என்ற கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. இருவரும் தனித்தனிக் குழுக்களோடு வந்திருந்தார்கள். இரு கும்பல்களுக்குள் சண்டை வந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஒரே சரக்கு லிஃப்டில் ஏறினார்கள். பழக்கம் அங்கே தொடங்கியது. இருவரும் டெம்பிள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபிலடெல்ஃபியா சோல் என்ற கறுப்பின இசை வகையை உருவாக்கிய கேம்பிள், ஹஃப் இருவரின் பதிவுகளில் ஹால் இளம் வயதிலேயே வாசித்தவர். வெளியில் நின்று நகல் எடுத்த இசை இல்லை இது.

இப்போது 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' போடுங்கள். முதலில் கேட்பது ஒரு தாளப்பெட்டி, ரோலண்ட் சி.ஆர்.-78. அதில் ஏற்கெனவே பதிந்து வரும் 'ராக் 1' என்ற தாளத்தை அப்படியே ஓட விட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒரு பேஸ் வரி (கீழ்ச்சுரங்களின் நடை), ஆர்கன், சார்லி டிஷாந்தின் சாக்ஸஃபோன். அவ்வளவுதான். மற்றவர்கள் இருந்த இடத்தையெல்லாம் ஒலியால் நிரப்பிக்கொண்டிருந்த 1981-இல் இவர்கள் பாதி இடத்தைக் காலியாக விட்டார்கள். அந்தக் காலியிடத்தில்தான் மற்றவர்கள் வந்து குடியேறினார்கள். 1989-இல் டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழு அதை எடுத்துத் தன் பாட்டில் பயன்படுத்தியது. 2003-இல் சிம்ப்ளி ரெட் என்ற குழு எடுத்தது. பாடகர்கள் பலர் சேர்ந்து பாடிய 'வீ ஆர் த வேர்ல்ட்' பதிவின்போது மைக்கேல் ஜாக்சன் தன்னிடம் வந்து, 'பில்லி ஜீன்' பாட்டுக்கு அந்த பேஸ் நடையைத்தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார் என்று ஹால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நானும் வேறிடத்தில் எடுத்ததுதானே என்று இவர் சமாதானம் சொன்னாராம்.

அந்தப் பாட்டு பாப் பட்டியலில் மட்டுமல்ல, கறுப்பின இசைக்கான பட்டியலிலும் முதலிடம் வந்தது. வெள்ளைக்காரப் பாடகர்களுக்கு அது அபூர்வம்.

இன்னொரு காரணம் வரிகளில் இருக்கிறது. கேட்டால் எல்லாம் காதல் பாட்டு. ஆனால் 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' இசைத்தொழிலின் கெடுபிடிகளைப் பற்றியது என்று ஓட்ஸ் சொல்லியிருக்கிறார். 'மேன்ஈட்டர்' ஒரு பெண்ணைப் பற்றியதாகக் கேட்கும். அவர் கணக்கில் அது எண்பதுகளின் நியூயார்க் நகரம், அதன் பேராசை. 'ரிச் கேர்ள்' உண்மையில் ஒரு பணக்காரப் பையனைப் பார்த்து எழுதியது, காதுக்கு நன்றாக இருக்கட்டும் என்று பெண்ணாக்கினார்கள். இருபது வயதில் ஒரு மாதிரியும் ஐம்பதில் வேறு மாதிரியும் கேட்கும் பாட்டுகள் இவை. விளம்பர இசை போல இருக்கிறது என்கிறீர்களே, அதில் ஒரு உண்மை உண்டு. பல வருடம் இவர்களை விமர்சகர்கள் இப்படித்தான் ஒதுக்கினார்கள். 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள 2014 வரை ஆனது.

ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ரீமிங்கில் இவர்கள் பாட்டை வேறு யாரோ பாடிய நகல்களும், மேடைப் பதிவுகளும் கலந்து கிடக்கும். ஆல்பத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய பொருள் விற்பது) 'ராக் அண்ட் சோல் பார்ட் 1' தட்டு இருக்கிறது. அட்டையில் 'வி.ஜி.' என்று எழுதி, அரிய பதிப்பு என்று நல்ல விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (டொரன்டோ வாசகர்)

அரிய பதிப்பா? அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சம் பிரதிக்கான சான்று வாங்கிய தட்டு அது. பொறுமையாக இருந்தால் இன்னொன்று கட்டாயம் கண்ணில் படும்.

'வி.ஜி.' என்றால் 'வெரி குட்' என்று விரியும், ஆனால் பழைய தட்டு வியாபாரத்தில் அதற்கு அர்த்தம் வேறு. மேலிருந்து கீழே மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி., குட் என்று போகும். நிம்மதியாகக் கேட்க வி.ஜி. பிளஸ்ஸாவது வேண்டும். வி.ஜி.யில் பாட்டுக்குப் பின்னால் கரகரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். 'குட்' என்று எழுதியிருந்தால் கடுகு தாளிக்கும் சத்தம்தான்.

எழுத்தை நம்பாமல் தட்டை வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை. விரலால் மெதுவாகத் தடவினால் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டுப்படும். கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேறினால், சொல்லும் விலையில் பாதி கேளுங்கள். கராஜ் சேலில் பேரம் பேசாமல் வந்தால் நம் ஊர்க்காரர் என்று யார் நம்புவார்கள்?

கேள்வி: இருவரும் வழக்குப் போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்களாமே. பாட்டுகள் சந்தையிலிருந்து காணாமல் போகுமா? முன்கூட்டியே வாங்கி வைக்கவா? (திருச்சி வாசகர்)

வேண்டாம். 2023 நவம்பரில் ஹால் நாஷ்வில் நீதிமன்றத்துக்குப் போனது, கூட்டுத் தொழிலில் ஓட்ஸ் தன் பங்கை பிரைமரி வேவ் என்ற நிறுவனத்துக்கு விற்பதைத் தடுக்க. அது பங்காளிச் சண்டை. தட்டு அச்சடிக்கும் உரிமை மேலே சொன்ன இரண்டு பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. அவர்கள் விற்றுக்கொண்டேதான் இருப்பார்கள்.

கேள்வி: தொகுப்பு இருக்கிறது. அடுத்து ஒரே ஒரு ஆல்பம் வாங்குவதென்றால்? (யாழ்ப்பாண வாசகி)

1973-இல் வந்த 'அபாண்டன்ட் லஞ்சனெட்', ஆரிஃப் மார்டின் தயாரித்தது. அட்டையில் இருக்கும் பாழடைந்த சாப்பாட்டுக்கடை ஹால் பிறந்த பாட்ஸ்டவுன் பக்கம் நிஜமாகவே இருந்த கடை. பின்னாளில் ரசிகர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள்.

'ஷீஸ் கான்' இருப்பது இதில்தான். புத்தாண்டு இரவில் வருகிறேன் என்ற பெண் வராமல் போனதால் ஓட்ஸ் கிதாரோடு உட்கார்ந்து பல்லவியைப் போட்டார். மண வாழ்க்கை முறிந்துகொண்டிருந்த ஹால் மீதியைச் சேர்த்தார். வெளியிட்டபோது 60-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1974-இல் டவாரெஸ் என்ற குழு அதையே பாடி, கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. 1976-இல் 'சாரா ஸ்மைல்' வென்ற பிறகு அட்லாண்டிக் தன்னிடமிருந்த பழைய பதிவையே மறுபடி விட்டது, ஒரு சுரம்கூட மாற்றாமல். இந்தத் தடவை 7-ஆம் இடம்.

புதிய அச்சே வாங்குங்கள். பழைய அச்சுகளில் விலை கூடினதெல்லாம் அட்டைக்காகத்தான், ஒலிக்காக இல்லை என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தபால் செலவையும் சுங்கத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயம் தட்டின் விலையைவிட அதுதான் அதிகம். கொழும்புப் பக்கம் யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் பெட்டியில் ஒரு தட்டுக்கு இடம் கேளுங்கள், துணிகளுக்கு நடுவே படுக்க வைக்கச் சொல்லி.