மழையூரில் மேய்ப்பர் படம்: சுவரிலா, பலகையிலா?

கேள்வி: மியான்மாரின் மௌல்மீனில் எங்கள் சிறு சபையின் பிரசங்க மேடைக்குப் பின்சுவரில் நல்ல மேய்ப்பர் படம் தீட்ட வாலிபர் சங்கத்தார் ஆசைப்படுகிறோம். இணையத்திலிருந்து ஒரு படமும் எடுத்து வைத்திருக்கிறோம். மூப்பர் ஒருவர், "நாளைக்கு அது விக்கிரகமாகிவிடும்" என்கிறார். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் வேறு ஊறும். என்ன பெயின்ட் வாங்கலாம்? – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, பெயின்ட் கடைசியில். முதலில் மூப்பர். அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். யாத்திராகமம் 20 விக்கிரகத்தைத் தடுக்கிறது. அதே புத்தகத்தின் 25ஆம் அதிகாரம் பொன் கேருபீன்களை, அதாவது சிறகுள்ள தூதர் உருவங்களை, செய்யச் சொல்கிறது. 31ஆம் அதிகாரத்தில் சித்திர வேலைக்காகவே பெசலெயேல் என்ற கைவினைஞன் தேவ ஆவியால் நிரப்பப்படுகிறான். அப்படியானால் கலை கூடாது என்பதில்லை. ஆனால் 2 இராஜாக்கள் 18:4ஐயும் வாசியுங்கள். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். மூப்பரின் பயத்துக்கு வேதத்திலேயே ஆதாரம் உண்டு.

ஆகவே மேடைக்குப் பின்னால் வேண்டாம். ஜெபிக்கும்போது எல்லார் முகமும் அந்தப் பக்கம்தான். பக்கச்சுவரில், கழற்றக்கூடிய பலகையில் தீட்டுங்கள். உங்கள் ஈரப் பிரச்சினையும் அதோடு தீரும்.

ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் உங்களுடையது. செங்கல்லில் ஊறிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும்; நீர் ஆவியாகும், உப்பு பெயின்ட்டுக்கு அடியில் பூத்து அதை உப்பவைத்து உரிக்கும். எந்தக் கம்பெனி பெயின்ட்டும் இதற்கு மருந்தல்ல. பக்கச்சுவர் எப்படி என்று பார்க்க, 45 செ.மீ. சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் கோத்தால் அது காற்றின் ஈரம்.

பலகைக்கு 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், 120க்கு 180 செ.மீ. பின்னால் தேக்கு ரீப்பர் (மெல்லிய சட்டம்) அடித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். அக்ரிலிக் பிரைமரை (அடிப்பூச்சு) மெல்லியதாக மூன்று கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் அதே மூன்று கோட். முன்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். மாட்டும்போது ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். ஆணி போதாது, போல்ட் வேண்டும்.

இணையப் படத்தை விட்டுவிடுங்கள். அது இன்னொருவர் உழைப்பு. தவிர, அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலும் மேய்ப்பர் புல்வெளியில் உலாவப் போனவர் போல நிற்பார். யோவான் 10இல் ஓநாய் இருக்கிறது, திருடன் இருக்கிறான், ஓடிப்போகும் கூலியாள் இருக்கிறான். லூக்கா 15இல் ஆடு தோள்மேல் இருக்கிறது. ரோமில் பிரிசில்லா கல்லறைச் சுரங்கத்தில் 3ஆம் நூற்றாண்டில் தீட்டிய மேய்ப்பருக்குத் தாடிகூட இல்லை. ஆட்டைத் தோளில் தூக்கிய இளைஞர். முகச்சாயலை உங்கள் ஊரிலேயே தேடலாம். வாலிபர் ஒருவரின் தோளில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து வரைந்து பாருங்கள். கழுத்து முன்னுக்குக் குனியும், கால்கள் அகலும். அந்தப் பாரம் படத்தில் தெரிந்தால் வசனமும் தெரியும்.

முதலில் 20க்கு 30 செ.மீ. தாளில் வரைந்து 2 செ.மீ. கட்டம் போடுங்கள், பலகையில் 12 செ.மீ. கட்டம். ஆறு மடங்கு. புரொஜெக்டரும் வேண்டாம், கரண்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடைசிப் பெஞ்சு 12 மீட்டர் தூரமென்றால், சிறு படத்தை 2 மீட்டர் தள்ளிப் பாருங்கள். அங்கே குழம்பும் எதுவும் பலகையிலும் குழம்பும். வசனத்தைப் படத்துக்குள் திணிக்காதீர்கள். அந்தத் தூரத்துக்குத் தமிழ் எழுத்து 12 செ.மீ. உயரமாவது வேண்டும், இல்லையேல் ணகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'நானே நல்ல மேய்ப்பன்' மூன்று சொல் மட்டும், தனிப் பலகையில்.

போஸ்டர் கலர் வேண்டாம், வெளுத்துவிடும். ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக்கில் வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, அல்ட்ராமரின் நீலம், இந்த நான்கே போதும். டியூபில் பி.ஒய். 42, பி.ஆர். 101, பி.பி. 29 (PY 42, PR 101, PB 29) என்ற நிறமிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்; இவை வெயிலில் நிற்கும். வேலையை டிசம்பர், ஜனவரியில் வையுங்கள்; மழைக்காலக் காற்றில் அக்ரிலிக் சரியாகக் காயாது. முடித்து இரண்டு வாரம் கழித்து மேட் வார்னிஷ் அடியுங்கள். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் எதிர் ஜன்னல் வெளிச்சம்தான் தெரியும், மேய்ப்பர் தெரியமாட்டார்.