முதல் டெஸ்ட் கணவருக்கு: மும்பை வாசகர்களின் கேள்விகள்

இந்த இதழில் மும்பைக் கடிதங்கள். எல்லாமே ஆண்களின் விந்தணு பற்றியவை. எழுதியவர்களில் மனைவிமாரும் உண்டு. யார் பெயரையும் வெளியிடவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எனக்கு எடுத்தாகிவிட்டது; கோளாறு இல்லை. கணவரோ "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று டெஸ்டுக்கு வர மறுக்கிறார். ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு என்னைத்தான் கேட்கிறார்.
*வாசகி, செம்பூர்*

வரிசை தலைகீழாகிவிட்டது. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணம், தனியாகவோ மற்றதோடு சேர்ந்தோ இருக்கிறது. அதற்கான முதல் டெஸ்டான விந்துப் பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் உங்கள் எக்ஸ்ரேயைவிடக் குறைவு.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொல்வது தாம்பத்தியத்தைப் பற்றி. விறைப்பு வேறு, விந்தணு உற்பத்தி வேறு. விந்தின் அளவில் அணுக்களின் பங்கு சில சதவீதம்தான். மிச்சமெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். ஒரு அணுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு வழக்கம்போலத்தான் இருக்கும். கெட்டி, தண்ணி என்று கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

டெஸ்டுக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். பத்து நாள் அடக்கி வைத்தால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் அசைவு குறையும். லேப் கொடுக்கும் அகலவாய் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்தால் அதிலுள்ள பூச்சு அணுக்களைக் கொன்றுவிடும். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது தவறிக் கீழே விழுந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கவுன்ட் (ஒரு மில்லியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை) குறைவு என்றே ரிப்போர்ட் வரும். கூடியவரை லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் அரை மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் 50 நிமிடத்தில் லேபில் இருக்க வேண்டும். டப்பாவைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டோடு கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. காலை நெரிசலில் லோக்கல் ரயிலை நம்பி விரார் பக்கமிருந்து தாதருக்கு எடுத்து வரும் சாம்பிள் வீண்தான்.

மாமியாரின் அடுத்த போனை உங்கள் கணவரே எடுக்கட்டும்.

ரிப்போர்ட்டில் அளவு 2 மில்லி, கவுன்ட் 11 மில்லியன், முன்னேறும் அசைவு 28, இயல்பான வடிவம் 3 சதவீதம். 97 சதவீதம் ஊனம் என்றா அர்த்தம்? மருந்துக்கடையில் துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள். ஒருவர் லேகியம் சொல்கிறார்.
*வாசகர், முலுண்ட்*

வடிவத்தில் ஆரம்பிப்போம், எல்லோரையும் பயமுறுத்துவது அதுதான். தலை, கழுத்து, வால் மூன்றும் அச்சுப் பிசகாமல் இருந்தால்தான் "இயல்பு" என்று எண்ணுவார்கள். அந்தக் கறாரான கணக்கில் 4 சதவீதமே போதும். உங்களுக்கு 3. இதற்குத் தூக்கம் கெட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ்வரம்பு இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னேறும் அசைவு 30 சதவீதம். சில லேப்கள் இன்னும் "20 மில்லியனுக்கு மேல்" என்று பழைய எண்ணையே அச்சடிக்கின்றன. கையேட்டின் இந்தக் கீழ்வரம்புகள் சராசரி அல்ல. ஓராண்டுக்குள் அப்பாவான ஆண்களிலேயே கடைசி 5 சதவீதத்தினர் நிற்கும் இடம். ஆகவே கோட்டுக்குக் கீழே இருந்தும் இயற்கையாகக் குழந்தை பெற்றவர்கள் உண்டு.

கவுன்ட்டை மட்டும் பார்க்காமல் அளவால் பெருக்குங்கள்: 11 × 2 = 22 மில்லியன். மொத்தம் 39 வேண்டிய இடத்தில் 22. குறைவுதான், அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் எண்கள் நிறைய மாறும். ஒரு அணு உருவாக 74 நாள் போல ஆகும், முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம் வரை. மழைக்காலத்தில் டெங்குவோ மலேரியாவோ வந்திருந்தால் அதன் அடி இரண்டு மூன்று மாதம் ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் வந்த தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே லேபில், போன தடவை அடக்கி வைத்த அதே நாள் கணக்கோடு மறுபடி எடுங்கள்.

மாத்திரையா? அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறப்பில் வித்தியாசமில்லை, வயிற்று உபாதை மட்டும் கூடியது. லேகியத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

தாராவியில் அலுமினியம் உருக்கும் பட்டறையில் வேலை. உலைச் சூடு பாதிக்குமா?
*வாசகர், தாராவி*

பாதிக்கலாம். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே, உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருப்பதற்காகத்தான். உலை முன் மணிக்கணக்கில் நிற்பவர்கள், சூடான இன்ஜின்மேல் உட்கார்ந்து ஓட்டுபவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு வார்ப்பு முடிந்ததும் உலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தளர்ந்த பருத்தி உள்ளாடை போடுங்கள். வேலை முடிந்து கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டாம். பட்டறையில் பழைய பேட்டரியும் உருக்குகிறார்களா? ஈயம் விந்தணுவுக்கு எதிரி. ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

பட்டறையை விட முடியாது, புரிகிறது. பீடியையும் கைனியையும் விடலாமே.

ஜிம்மில் ட்ரெய்னர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார். உடம்பு ஏறியது, விதைகள் சுருங்கியதுபோல் இருக்கிறது. வயது 26.
*வாசகர், அந்தேரி*

ஊசியே காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தாராளமாக இருந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைகளைத் தூண்ட அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு. அது வற்றினால் உற்பத்தி நிற்கும். கவுன்ட் பூஜ்யத்துக்கே போனவர்கள் உண்டு. நிறுத்தினால் பலருக்கு 6 மாதம் முதல் ஒரு வருஷத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். விதைகளைத் தட்டி எழுப்ப மருந்துகள் இருக்கின்றன, ட்ரெய்னரிடம் வாங்கிப் போட்டுக்கொள்வதற்கில்லை. "கவுன்ட் குறைவு" என்பதற்கே டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுக்கும் கூத்தும் நடக்கிறது. அப்படிச் சீட்டு வந்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

ஸ்கேனில் மட்டும் லேசான வேரிகோசீல் தெரிகிறது. ஆபரேஷன் வேண்டுமா?
*வாசகர், மாட்டுங்கா*

வேரிகோசீல் என்பது விதைப்பைக்குள் ரத்த நாளங்கள் வீங்குவது. கையால் தொட்டுத் தெரியாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு ஆபரேஷன் பயன் தருவதில்லை. நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி டாக்டர் தொட்டுப் பார்த்தாரா? தொட்டுத் தெரிந்து, விந்து ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்பவரிடம். பலன் தெரிய 3 முதல் 6 மாதம்.

இரண்டு முறையும் கவுன்ட் பூஜ்யம். இனி வழியே இல்லையா?
*வாசகர், சயான் கோலிவாடா*

முதலில் லேபில் கேளுங்கள்: சாம்பிளை மெஷினில் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்த்தார்களா? அதில் ஒன்றிரண்டு அணு கிடைத்தாலும் கதை வேறு.

அடுத்தது, விந்துக்குழாய் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்பது. அளவு 1.4 மில்லிக்கும் குறைந்து, அமிலத்தன்மையும் இருந்தால் அடைப்பு அல்லது பிறவியிலேயே குழாய் இல்லாமை. எஃப்.எஸ்.எச். ஏறி, விதையும் சிறுத்திருந்தால் உற்பத்திக் கோளாறு. அப்போது குரோமோசோம் டெஸ்டும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற டெஸ்டும் அவசியம். அந்தக் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தில் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விதையைக் கீறித் தேடினாலும் அணு கிடைப்பதில்லை. அதனால் கத்திக்கு முன் இந்த டெஸ்ட்.

அடைப்பென்றால் விதையிலிருந்தே அணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தலாம். பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையில் 1986இல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது இந்த வழி கிடையாது. 1992இல் பிரஸ்ஸல்ஸ் டாக்டர்கள் காட்டியது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும், இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கணவருக்கு 55, மனைவிக்கு 50 வயது வரை. தானமாக அணு பெறுவதென்றால் பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான். சொந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ள முடியாது.

பதினான்காம் நாள் மட்டும் சேர்ந்தால் போதுமா? கணவருக்கு நவி மும்பையில் இரவு ஷிப்ட்.
*வாசகி, ஐரோலி*

28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பதினான்கு. 35 நாள் என்றால் முட்டை வெளிவருவது 21ஐ ஒட்டி. முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே 5 நாள் வரை காத்திருக்கும். தேதி பார்க்காமல், அந்த மாத மாதவிலக்கு முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும். ஷிப்ட் முடிந்து வரும் காலை நேரமும் கணக்கில் சேரும்.